அதிமதுரமும் குன்றிமணியும்
(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, தாவரவியல்)

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் உள்ளது எங்கள் ஊர் மாகறல். எங்கள் வீட்டில் தறிச் சத்தமும் ஆயாவின் இருமலும் சேர்ந்தே கேட்கும். இருமலுக்கு ஆயா நம்பும் மருந்து அதிமதுரம். அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்குப் பக்கத்தில் அந்த வேர்த்துண்டு எப்போதும் இருக்கும். இது எந்தச் செடியின் வேர் என்று ஒருநாள் கேட்டேன். "நம்ம வேலியிலே படர்ந்திருக்குதே குண்டுமணி, அதோட வேருதான் கண்ணு" என்றார். கல்லூரிக்கு வரும்வரை நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு. அதிமதுரத்தின் தாவரப் பெயர் கிளைசிரைசா கிளாப்ரா. கிரேக்க மொழியில் 'கிளைசிரைசா' என்றால் இனிப்பு வேர் என்று பொருள். மத்தியதரைக் கடல் நாடுகளும் மேற்கு ஆசியாவும் இதன் தாயகம். ஓர் ஆள் உயரம் வரை வளரும் செடி, இளநீலப் பூக்கள். ஆழமான மணற்பாங்கான மண்ணும் நல்ல வெயிலும் வேண்டும். நீர் தேங்கினால் அழுகிவிடும். வேர்த்தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி நடுவார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருந்துதான் வேரைத் தோண்ட முடியும். நம் நாட்டுக் கடைகளில் விற்பதில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருவதே.

குன்றிமணி ஒரு கொடி. பெயர் ஆப்ரஸ் பிரிகட்டோரியஸ். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இலைகள் ஓரளவு ஒத்திருக்கும். குன்றிமணியின் வேரும் இலையும் இனிக்கும். அதனால் இதற்கு 'இந்திய அதிமதுரம்' என்றும் பெயர் வந்தது. வேரை அதிமதுரத்துக்குப் பதிலாக விற்பதும் உண்டு. ஆனால் விதை கொடிய நஞ்சு. அதிலுள்ள ஆப்ரின் நம் உயிரணுக்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடும். ஓடு கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கிய விதை சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலும் உடைத்தாலும் ஆபத்து. தட்டார் தங்கம் நிறுத்த விதை இது. விநாயகர் சதுர்த்தியில் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் இதுவே. தெருப் பிள்ளைகள் அந்தக் கண்ணைப் பிடுங்கி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். இனி பார்த்தால் சும்மா இருக்க மாட்டேன்.

உண்மையான அதிமதுரத்துக்கு வருவோம். இதன் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். சர்க்கரையைவிடச் சுமார் 50 மடங்கு இனிப்பு. தொண்டைக் கரகரப்புக்கும் வறட்டு இருமலுக்கும் நம் சித்த மருத்துவம் இதைப் பயன்படுத்துகிறது. சுக்கு, மிளகோடு தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பது நம் வழக்கம். நெதர்லாந்தில் இதன் சாற்றைக் கொண்டு கறுப்பு மிட்டாய் செய்கிறார்கள். உப்பு போட்டும் தின்பார்களாம்!

அந்நாட்டு மருத்துவர் ரெவர்ஸ் என்பவர் 1946இல், வயிற்றுப் புண்ணுக்கு இந்தச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது; ஆனால் சிலருக்கு முகமும் கைகால்களும் வீங்கின. கிளைசிரைசினிலிருந்து உடலில் உண்டாகும் அமிலம் சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அதனால் உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினுக்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய வல்லுநர் குழுவின் கருத்து. வேரில் 5 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 2 கிராம் வேரிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். வேரையோ விரல் நீளத்துக்குத் தினமும் மெல்லுபவர். சொன்னேன். "என் மாமியார் காலத்து மருந்து. நேத்துப் படிச்ச நீ சொல்லி நிறுத்தணுமா?" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் சொல்லுக்கு அவ்வளவுதான் எடை. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது வேரை முந்தானையில் முடிந்து எடுத்துவரச் சொன்னேன். டாக்டரம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை விட்டுடுங்க பாட்டி" என்று ஒரே வரியில் முடித்தார்.

வரும் வழியில் ஆயா பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்த மிச்சத் துண்டுகளை எடுத்து, "உன் காலேஜிலே காட்டு" என்று என்னிடம் கொடுத்தார். இப்போது அவை எங்கள் துறை ஆய்வகத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டிய கண்ணாடிப் புட்டியில் இருக்கின்றன.