புறம்போக்கு – ஒரு சொல்லும் ஒரு பாட்டும்



மைசூரில் அண்மையில் நடந்த சிறுவர் பாட்டுப் போட்டி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினாள். மற்றப் பிள்ளைகள் பக்திப் பாடலும் திரைப்பாடலும் பாடிய மேடை அது. "குழந்தை வாயில் இந்த வார்த்தை வரலாமா?" என்று சில பெற்றோர் முகம் சுளித்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆன நம் வீடுகளில் அந்தச் சொல் வசவாக மட்டுமே தங்கிவிட்டது. அதன் சரியான பொருளைத் தெரிந்துகொண்டால், அந்தப் பெண் எவ்வளவு நல்ல பாடலைத் தேர்ந்தெடுத்தாள் என்பது விளங்கும்.

சொல்லின் பொருள்

புறம் என்றால் வெளி. வரி விதிப்புக் கணக்குக்கு வெளியே வைக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், சாலை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு ஆகியவை இதில் அடங்கும். ரயில் பாதைக்கு நிலம் எடுக்கும் வரைபடங்களில் 'ஏரிப் புறம்போக்கு', 'வண்டிப்பாதைப் புறம்போக்கு' என்று பணிக்காலத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். யாருக்கும் பட்டா கிடையாது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வழக்கம் மிகப் பழையது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவைச் சொல்லும்போது, ஊர் இருக்கை, குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு முதலியவற்றைக் கழித்துவிட்டு மீதிக்கே வரி கணக்கிட்டிருக்கிறார்கள். வருமானம் தராத நிலம் வீண் நிலம் என்று அக்காலத்தார் நினைக்கவில்லை.

பிற்காலத்தில், சொந்த நிலம் இல்லாமல் அங்கே குடிசை போட்டுப் பிழைத்தவர்களை இழிவாகச் சுட்ட அதே சொல் பயன்பட்டது. பொது நிலத்தின் பெயர் ஏழையைத் திட்டும் சொல்லாயிற்று.

கன்னட நாட்டிலும் இதே கதைதான். இங்கே வருவாய்ப் பதிவேடுகளில் 'கராபு' நிலம் என்பார்கள். 'கராப்' என்றால் கெட்டது! அதிலும் இரண்டு வகை உண்டு. பயிருக்கு உதவாதது 'ஏ கராபு'. பாதை, ஏரி, ஓடை, இடுகாடு என்று பொதுவுக்கு ஒதுக்கியது 'பி கராபு'. ஊருக்கே உயிரான ஏரியும் கெட்ட நிலம் என்ற பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

பாட்டின் கதை

பாடல் 2017 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி. எம். கிருஷ்ணா; இசையமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார். சென்னைப் பேச்சுத் தமிழை ஆனந்தபைரவி, பேகடா, தேவகாந்தாரி, சிந்துபைரவி உள்ளிட்ட ராகமாலிகையில் அமைத்தார்கள். சபா மேடைக்குரிய இசையில் தெருவின் மொழி ஒலித்தது பலருக்குப் புதுமையாக இருந்தது.

படம் எடுத்த இடம் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் அது. மீனும் இறாலும் அங்குள்ள மீனவர்களின் பிழைப்பு. அனல்மின் நிலையச் சாம்பலும் தொழிற்சாலைகளும் அதைச் சிறுகச் சிறுகத் தின்றுவிட்டன. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடித்தபோது, வெள்ளம் தங்குவதற்கும் வடிவதற்கும் இருந்த நிலத்தையெல்லாம் அடைத்துவிட்டோமே என்று பலருக்கும் உறைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அதே கழிமுகத்தில் பரவி, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. பாடல் எச்சரித்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

பிள்ளைகள் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 100 ஹெக்டேர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் கன மீட்டர், அதாவது 10 கோடி லிட்டர். 10 ஹெக்டேர் ஏரி ஒன்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீரும் அதே அளவுதான். அந்த ஏரியில் வீட்டு மனை போட்டுவிட்டால் 10 கோடி லிட்டரும் எங்கே போகும்? ரயில் கரைக்கு அடியில் நாங்கள் வைக்கும் சிறு பாலங்களுக்கும் இதே விதிதான். தண்ணீருக்கு வழி விடாத கரை உடையும்.

நம் ஊரில்

குக்கரஹள்ளி ஏரி மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-இல் உருவானது. குவெம்பு உலாவிய கரை அது. காலையில் நம்மில் பலர் நடப்பதும் அங்கேதான். ஆனால் அதற்கு நீர் கொண்டுவந்த பூர்ணையா கால்வாயின் பாதையில் கட்டடங்கள் முளைத்துவிட்டன. ஏரியைச் சுற்றி வேலி போட்டால் மட்டும் போதாது. வரத்துக் கால்வாயும் ஏரியின் உறுப்புதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஜக்பால் சிங் வழக்கில் 28-1-2011 அன்று உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற ஏழைகளுக்குக் குத்தகை தந்தது, ஏற்கெனவே பள்ளி இருப்பது போன்ற சில இடங்களுக்கு விலக்கும் சொன்னது. பெரிய ஆக்கிரமிப்பை விட்டுவிட்டுக் குடிசையை மட்டும் இடிப்பது அந்தத் தீர்ப்பின் நோக்கம் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. புறம்போக்கு, நத்தம், மந்தைவெளி, பட்டா ஆகிய நான்கு சொற்களின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.
2. உங்கள் பேட்டைக்கு அருகிலுள்ள ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்து, வரைபடம் வரையச் சொல்லுங்கள்.
3. இனி யாரையும் இந்தச் சொல்லால் திட்டாதீர்கள். பொதுவில் கிடந்து எல்லோருக்கும் பயன்படுவதற்கு வைத்த பெயர் அது. அதை வசவாகச் சொல்லிப் பழகினால், அந்த நிலம் பறிபோகும்போதும் நமக்கு வருத்தம் வராது.