அபராதத்தோடு முடியாத வழக்கு

திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கான மக்கள் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து சுற்றுகின்றனர். அந்நாட்களில் வெளியூர்ப் பேருந்துகள் நகருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படுவதால், அங்கிருந்து மக்களை ஏற்றிவர ஆட்டோக்களும் வேன்களும் தேவைப்படுகின்றன. அவற்றை ஓட்டுவோருள் சுற்றுக் கிராமங்களின் இளைஞர்கள் பலர். நிலம் போதாத குடும்பத்தில் ஓட்டுநர் உரிமம் ஒன்றே மகனுடைய சொத்தாக இருப்பதை நாம் கண்டு வருகிறோம். அச்சொத்து ஓர் இரவில் எவ்வாறு கைநழுவுகிறது என்பதே இப்பாடத்தின் பொருள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றமாகும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மது 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதும். ஓட்டியவர் தள்ளாடியிருக்க வேண்டுவதில்லை, விபத்தும் நேர்ந்திருக்க வேண்டுவதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் சிறை இரண்டாண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

மோர் குடித்தால் தெளியும், தலைக்குக் குளித்தால் இறங்கும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். உண்மையில் ஈரல் தன் கணக்கிலேயே வேலை செய்கிறது. சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவே இறங்கும். நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தவருக்கு அது 30க்கு வரக் காலை எட்டு மணி ஆகிவிடும். விடியற்காலை நான்கு மணிக்குப் பால் வண்டி எடுப்பவர் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில் வேன் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். பௌர்ணமி இரவின் கடைசி நடையை முடித்து, வேனை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டுக் குடித்தார். பிறகு தம் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில் பிடிபட்டார். மறுவாரம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். “கட்டியாகிவிட்டது ஐயா, அத்தோடு தீர்ந்தது” என்று நம்மிடமே கூறினார். தீரவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனை பெற்றதாகவே பதிவாகும். மேலும், 185ஆம் பிரிவில் தண்டனை பெற்றவரைக் குறைந்தது ஆறு மாதம் உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றவராக்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது. அத்தடையை எல்லா வகை வண்டிகளுக்கும் பொருத்த நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. அவருக்கு அவ்வாறே பொருத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளில் செய்த பிழை வேனைப் பறித்தது.

ஆறு மாதம் கழித்து உரிமம் திரும்பியது, வேன் திரும்பவில்லை. அதற்குள் வேறொருவர் அதை ஓட்டத் தொடங்கியிருந்தார். அவருடைய மனைவி சுயஉதவிக் குழுவில் பெற்றிருந்த கடனின் தவணைகள் நின்றன. குழுக்கடன் கூட்டுப் பொறுப்பல்லவா? குற்றம் ஒருவருடையது, வங்கியில் அடுத்த கடனுக்குக் காத்திருந்தவர்களோ பதினோரு பெண்கள். இந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை.

இரண்டாண்டு சென்றபின் ஊராட்சி ஒன்றிய ஜீப் ஓட்டுநர் பணிக்கு அவர் விண்ணப்பித்தார். கைது, வழக்கு, தண்டனை உண்டா என்று கேட்கும் இடத்தில் என்ன எழுதுவது என்று நம்மிடம் கேட்டார். உள்ளதை எழுதுமாறு கூறினோம். 2016ஆம் ஆண்டு அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்துள்ளது. சிறு குற்றமானால் வேலையளிப்பவர் அதனைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு. மறைத்தது தெரிந்தால் மறைத்ததே நீக்கத்திற்குக் காரணமாகலாம். அவர் உண்மையை எழுதினார். பணி வேறொருவருக்குச் சென்றது. நாம் கூறிய யோசனை சரியானதே எனினும், அவர் முகத்தைப் பார்க்க அன்று நமக்குக் கூச்சமாக இருந்தது.

விபத்தும் நேர்ந்திருந்தால் நிலைமை இதனினும் கடியது. மது அருந்தி ஓட்டியபோது வண்டிக்கு நேர்ந்த சேதத்தை இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. அவ்வாறு மறுத்த ஒரு கம்பெனியின் முடிவை 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உயிர் போனாலோ, வழக்கு மோட்டார் சட்டத்தோடு நிற்பதில்லை. 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் மீது ஒரு கார் ஏறி ஏழு பேர் மாண்டனர். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்காக ஓட்டியவருக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டுக் கடுங்காவலை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீப நாட்களில் நம் சாலையோரங்களில் எத்தனை பேர் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள் என்பதை இவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

கைது நேர்ந்துவிட்டால் உறவினர் செய்யத்தக்கன சில உண்டு. இக்குற்றத்திற்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்பது 202ஆம் பிரிவு. தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அம்மறுப்பே எதிர்த்தரப்புக்கு வலுவூட்டும். நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது அவசியம். காவலில் உள்ளவர், பட்டியலினத்தார், பழங்குடியினர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் விண்ணப்பம் பெறலாம்; எழுதத் தெரியாதவருக்கு ஊராட்சிச் செயலர் எழுதித் தரலாம்.