எண்களுக்குள் ஒரு நோயாளி

கேள்வி: விலங்கியல் பட்டம் முடித்திருக்கிறேன். மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் தரவு வேலை கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் போய்வர வேண்டும். 'டைப் அடிக்கிற வேலைதானே' என்கிறார் அப்பா. சேரலாமா?
– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: சேருங்கள் அம்மா. ஆனால், முதலில் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விவரங்களைப் பதிவது ஒன்று, மருத்துவக் குறிப்பைப் படித்துக் குறியீடு தருவது வேறு. இரண்டாவதற்கு உங்கள் படிப்பு நேரடியாக உதவும். உங்கள் நிறுவனம் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள காப்பீட்டுக் கோரிக்கைகளில் இ11.9 என்ற குறியீடு இருந்தால் சிக்கல் இல்லாத இரண்டாம் வகை நீரிழிவு. அதனால் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்தால் இ11.22. டாக்டர் எழுதிய ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால் நோயாளியின் பதிவே தவறாகிவிடும். இதையா வெறும் டைப்பிங் என்பது?

நீங்களும் ராஜபாளையம் அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களைப் போலத்தான். நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே அவருக்காக உழைக்கிறீர்கள்.

நோயாளியின் விவரம் எதையும் வீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ பகிராதீர்கள். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் இதில் கண்டிப்பானது.

ஒரே திரையை ஆண்டுக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருந்தால் தேங்கிப்போவீர்கள். எளிய பதிவுகளை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. உடற்கூறியலைத் திரும்பப் படியுங்கள், எக்செலும் எஸ்.க்யூ.எல்லும் பழகுங்கள், பிறகு மருத்துவக் குறியீட்டாளர்களுக்கான சி.பி.சி. தேர்வு எழுதுங்கள். இரவு ஷிப்ட் என்றால் வீடு திரும்ப வண்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் மட்டும் சேராதீர்கள்.