மாத்திரை போட்ட நாளை எண்ணு

ஆவடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். தலைவலி என்று மறுபடியும் லீவு போட்டாயாம், உன் அம்மா சொன்னாள். அம்பத்தூர் எஸ்டேட் வேலையில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறது. தூக்கத்துக்கும் நேரமில்லை, சாப்பாட்டுக்கும் நேரமில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தூக்கம் கெடுவதும் வேளைக்குச் சாப்பிடாததும் ஆகவே ஆகாது. "தலைவலிக்கெல்லாம் லீவா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வெளிச்சமும் சத்தமும் தாங்காமல், வாந்தியெடுத்துச் சுருண்டு படுக்க வைக்கிற இது நரம்பு சம்பந்தப்பட்ட நோய். வைத்தியம் பார்த்தே ஆக வேண்டும்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. மாதக் காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு வட்டம் போடு, மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி போடு. தீட்டு நாட்களையும் குறித்து வை. மாதம் 15 நாளோ அதற்கு மேலோ வலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலி, இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்டதாகிவிட்டது என்று அர்த்தம்.

பெருக்கல் குறிகளை இன்னும் கவனமாகப் பார். பாராசிட்டமால் மாதிரி சாதாரண மாத்திரை மாதம் 15 நாளை எட்டினாலும், காஃபீன் கலந்த கூட்டு மாத்திரையோ டிரிப்டான் வகை மாத்திரையோ 10 நாளை எட்டினாலும், அதுவே தலைவலியைக் கிளப்பிவிடும். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி அட்டை அட்டையாக வாங்குவதை முதலில் நிறுத்து.

சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்கள் என்றால் அந்த டிஸ்பென்சரியிலிருந்து ஆரம்பி. அயனாவரம் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல். இல்லையென்றால் லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போ, எதிரிலேயே ராஜீவ் காந்தி ஜி.எச். நரம்பியல் ஓ.பி.யில் காட்டலாம். துணைக்கு நான் வருகிறேன்.

மருந்து இரண்டு வகை. நாப்ராக்சன், சுமட்ரிப்டான் போன்றவை வலி தொடங்கியதுமே போட வேண்டியவை. முற்றவிட்டுப் போட்டால் சரியாகக் கேட்காது. அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் சாப்பிடும் தடுப்பு மருந்து தருவார்கள்: புரொப்ரானலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், புளூனரிசின். உனக்கு வீசிங் உண்டு என்பதை மறக்காமல் சொல், புரொப்ரானலால் ஆகாது. கல்யாணப் பேச்சு நடப்பதையும் சொல். டோபிரமேட்டும், இன்னொரு தடுப்பு மருந்தான வால்புரோயேட்டும் கருவைப் பாதிக்கும். அமிட்ரிப்டிலினைப் பார்த்து "மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சே" என்று யாராவது சொன்னால் பயப்படாதே. தலைவலிக்குக் குறைந்த அளவில்தான் தருவார்கள்.

பத்து நாளில் குணம் தெரியவில்லை என்று தடுப்பு மருந்தைத் தூக்கிப் போடாதே. இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒன்று கேட்கவில்லையென்றால் இன்னொன்று. அதுவும் கேட்காத நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 12 வாரத்துக்கு ஒரு தடவை நெற்றி, பின்தலை, கழுத்து என 31 இடங்களில் போடும் போடாக்ஸ் ஊசி உண்டு. வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற பொருளைத் தடுக்கும், 2018 முதல் வந்த ஊசிகளும் உண்டு. செலவு அதிகம், ஆனால் வழி இருக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் வை. இடி விழுந்த மாதிரி திடீரென்று வலி, காய்ச்சலோடு கழுத்துப் பிடிப்பு, கை கால் விழுந்துபோவது, பேச்சுக் குளறுவது, இதில் எது வந்தாலும் ஒற்றைத் தலைவலிதான் என்று படுத்துவிடாதே. உடனே 108-ஐக் கூப்பிடு.

அன்புடன்,
பெரியம்மா