நட்சத்திரம் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு



டி.வி. தொடரைப் பற்றி ஆண்டு மலரில் கட்டுரையா என்று கேட்காதீர்கள். விரிசல் விட்ட சுவரைப் பார்த்துத்தான் சிவில்காரன் அதிகம் கற்றுக்கொள்கிறான். அதுபோல, பெரிய நட்சத்திரத்தை வைத்து எடுத்தும் நீடிக்காமல் போன ஒரு தொடரைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று இங்கே பார்ப்போம்.

சிட்காம் என்பது என்ன?

ஒரு வீடு, அல்லது ஒரு ஆபீஸ். அதில் மாறாத நாலைந்து பேர். வாராவாரம் புதுசா ஒரு சிக்கல் வரும், அரை மணி நேரத்தில் தீரும். அடுத்த வாரம் அதே ஆட்கள், வேறு சிக்கல். இதுதான் சிட்காம், அதாவது சூழ்நிலை நகைச்சுவைத் தொடர். தமிழில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' இந்த வகை. அதன் இரண்டாம் பாகத்தில் கணவன் மனைவியாக நடித்தவர்களே மாறினார்கள். ஆனாலும் தொடர் நின்றது. காரணம், பலம் ஆளில் இல்லை. அந்த வீட்டுச் சண்டையில் இருந்தது.

மாலினி ஐயர்

2000-இல் ஸ்டார் பிளஸில் அமிதாப் பச்சன் 'கௌன் பனேகா குரோர்பதி' நடத்தினார். நாடே பார்த்தது. சினிமா நட்சத்திரம் சின்னத்திரைக்கு வந்தால் கூட்டம் தானா வரும் என்று சேனல்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சஹாரா தொலைக்காட்சி 2003-இல் கரிஷ்மா கபூரை வைத்து ஒரு தொடர் ஆரம்பித்தது. அடுத்து 2004-இல் ஸ்ரீதேவியைக் கொண்டுவந்தது. அதுதான் 'மாலினி ஐயர்'.

ஸ்ரீதேவி நம்ம ஊர்ப் பொண்ணு. 1963-இல் சிவகாசிப் பக்கம் பிறந்தவர். 1969-இல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாக வந்தார். 'மூன்று முடிச்சு', '16 வயதினிலே', 'மூன்றாம் பிறை' எல்லாம் நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வந்தவை. இருந்தாலும் தெரியாதவர் யார்? பிறகு இந்திக்குப் போய் அங்கேயும் முதல் வரிசையில் நின்றார். 1997-க்குப் பிறகு நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்தவர், திரும்பி வந்தது இந்தத் தொடருக்குத்தான்.

கதை என்ன? ஐயர் வீட்டுப் பெண் மாலினி, பஞ்சாபிக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். கணவராக மகேஷ் தாக்கூர் நடித்தார். தயாரிப்பு போனி கபூர், இயக்கம் சதீஷ் கௌசிக். இரண்டு ஊர்ப் பழக்கமும் மோதுவதுதான் சிரிப்புக்கு மூலதனம். பேர் பெரியது, ஆட்கள் பெரியவர்கள். ஆனாலும் தொடர் ரொம்ப நாள் ஓடவில்லை.

அமெரிக்காவில் ஒரே நடிகை, இரண்டு தொடர்

இதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 1951-இல் சி.பி.எஸ். சேனலில் 'ஐ லவ் லூசி' தொடங்கியது. நாயகி லூசில் பால். அவருடைய நிஜக் கணவர் டெசி ஆர்னாஸ்தான் தொடரிலும் கணவர். அவர் கியூபாவில் பிறந்தவர், ஸ்பானிஷ் வாடையோடு இங்கிலீஷ் பேசுவார். இந்த ஜோடியை ஜனங்கள் ஏற்பார்களா என்று சேனல் தயங்கியது. இருவரும் 1950-இல் ஊர் ஊராக மேடை ஏறி நடித்து, ஏற்பார்கள் என்று காட்டினார்கள். தொடர் 1957 வரை, 180 பகுதிகள் ஓடியது. இங்கே லூசி தனி ஆள் இல்லை. கணவர், வீட்டு ஓனர் ஃபிரெட், அவர் மனைவி எதெல் என்று நாலு பேர் சேர்ந்து தூக்கிய பல்லக்கு அது.

அதே லூசில் பால், 75 வயதில், 1986-இல் ஏ.பி.சி. சேனலில் 'லைஃப் வித் லூசி' என்று வந்தார். ஒரு ஹார்டுவேர் கடையில் பங்கு உள்ள பாட்டி வேஷம். பழைய எழுத்தாளர்களே எழுதினார்கள். 13 பகுதிகள் எடுத்தார்கள். 8 ஒளிபரப்பானதுமே நிறுத்திவிட்டார்கள். இளவயதில் லூசி தடுக்கி விழுந்தால் சிரிப்பு வரும். பாட்டி விழுந்தால் பதைபதைப்புதானே வரும்? பழைய பேரை நம்பினார்கள், புதிய சூழ்நிலையை யோசிக்கவில்லை.

ஏன் நிற்பதில்லை?

எனக்குத் தோன்றுகிற காரணங்கள் மூன்று.

1. நட்சத்திரம் முதல் நாள் கூட்டத்தைக் கூட்டும். பத்தாவது வாரம் ஜனங்களை உட்கார வைப்பது கதைதான். நாம் கடைமடைக்காரர்கள், நமக்கு இது சொல்லாமலே தெரியும். கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தால் மட்டும் பேராவூரணி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும்.

2. சிட்காம் நாயகன் வாராவாரம் தோற்க வேண்டும், அசடு வழிய வேண்டும். நட்சத்திரத்துக்கோ இமேஜைக் காப்பாற்ற வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் பூட்டிய சேராத மாடுகள்.

3. பேச்சு வாடையை வைத்துச் சிரிப்பது ஒரு வாரத்துச் சரக்கு. அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆசை, என்ன வருத்தம் என்றுதான் பார்ப்பவர் மனசு தேடும்.

மூன்றாவது காரணத்துக்கு ஸ்ரீதேவியே சாட்சி. இந்தியில் ஆரம்ப காலத்தில் அவருக்கு வேறு பேர் குரல் கொடுத்தார்கள். 1986-இல் 'ஆக்ரி ராஸ்தா' படத்தில் நடிகை ரேகாவின் குரல். 1989-இல் 'சாந்தினி'யில்தான் சொந்தக் குரலில் பேசினார். அந்த வலி தெரிந்தவர், 2012-இல் கௌரி ஷிண்டே இயக்கிய 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' படத்தில் ஆங்கிலம் தெரியாத, லட்டு செய்து விற்கும் அம்மாவாக நடித்தார். இதிலும் விஷயம் மொழிதான். ஆனால் இங்கே நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர் பக்கம் நின்றோம். படம் பெரிய வெற்றி. 2018-இல் அவர் மறைந்தபோது பலரும் நினைத்துப் பார்த்ததில் அந்த அம்மாவும் உண்டு.

நமக்கு என்ன?

டிப்ளமோ முடித்து நம்மில் பலர் ஓசூர், புனே, குர்கான் என்று போகப் போகிறோம். நம் இந்தியையும் இங்கிலீஷையும் கேட்டுச் சிரிக்க அங்கே ஆள் இருக்கும். சிரிக்கட்டும், அது ஒரு வாரத்துச் சரக்கு. வேலை தெரிந்தவனை இரண்டாவது வாரம் அவர்களே தேடி வருவார்கள்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தெருவில் இப்பவே 'இஞ்சினியர் தம்பி' என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தப் பேர் நட்சத்திரம் மாதிரி, வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே போனபிறகு லெவல் எடுக்கத் தெரியுமா, எஸ்டிமேட் போடத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. நம் வகுப்பில் ஒருவன் இங்கிலீஷில் செமினார் எடுக்கும்போது தடுமாறினால், பின் பெஞ்சிலிருந்து சிரிக்க வேண்டாம் நண்பர்களே. விட்ட வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுங்கள். நாளைக்கு வெளியூரில் நமக்குத் துணையாக நிற்கப் போகிறவன் அவன்தான்.