களையா, கீரையா?

ஆறாம் வகுப்பு அறிவியலில் ஊட்டச்சத்துகள் பற்றிய பாடம் வரும்போது, 'கீரையில் இரும்புச்சத்து உள்ளது' என்று மாணவர்கள் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்தக் கீரை, எவ்வளவு சத்து, அது உடலில் சேருமா என்ற கேள்விகள் எழுவதே இல்லை. பழனிமலைப் பகுதிப் பள்ளிகளில் இந்தக் கேள்விகளுக்கான பாடப்பொருள் பள்ளிக்கு வெளியே வரப்பிலேயே முளைத்துக் கிடக்கிறது.

1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் கொடைக்கானலில் குடியேறிய பின்னர், ஐரோப்பியக் காய்கறிகள் மலையில் பரவின. இன்று மேல்மலைக் கிராமங்களுக்குக் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு ஆகியவையே பிழைப்பு. அவற்றுக்கிடையே தானாக முளைக்கும் குப்பைக்கீரையும் மணத்தக்காளியும் களையாகப் பிடுங்கி எறியப்படுகின்றன.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். 100 கிராம் முட்டைக்கோஸில் கால்சியம் சுமார் 50 மில்லிகிராம். முருங்கைக்கீரையில் சுமார் 310, தண்டுக்கீரையில் சுமார் 330, அகத்தியில் சுமார் 900. முட்டைக்கோஸ் மட்டமான காய் அல்ல. கால்சியத்துக்கு மட்டும் அதை நம்ப முடியாது. முருங்கையும் அகத்தியும் மேல்மலைக் குளிரில் செழிப்பதில்லை; அவை அடிவாரத்துப் பள்ளிகளுக்கு ஏற்றவை. மேலே உள்ளவர்களுக்குக் குப்பைக்கீரை இருக்கிறது. அறுவடையில் கழித்துப் போடும் முள்ளங்கி இலையும் பீட்ரூட் இலையும் சமைக்கத் தக்கவைதான்.

இரும்புச்சத்தில் கவனம் தேவை. பழைய அட்டவணைகள் தண்டுக்கீரைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் காட்டின. 2017 அட்டவணையில் அது 5க்கும் குறைவு. அதிலும் ஒரு சிறு பங்கையே உடல் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதைக் குறைக்கும். குளிருக்காக அடிக்கடி தேநீர் குடிக்கும் மலைக் குடும்பங்களில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஆகவே, கீரையைக் காரணம் காட்டி, பள்ளியில் தரும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை எந்த மாணவரும் தவிர்த்துவிடக் கூடாது. கண்ணுக்குத் தேவையான வைட்டமின் 'ஏ'யின் மூலப்பொருள் கீரையில் நிறைய உண்டு; அது உடலில் சேர, தாளிக்கும் எண்ணெய் உதவும்.

ஏழாம், எட்டாம் வகுப்புகளில் கென்யாவை ஒப்பிட்டுக் காட்டலாம். அங்கும் வெளியிலிருந்து வந்த 'சுகுமா விக்கி' என்ற கோஸ் இனக் கீரை பெருகி, நாட்டுக்கீரைகள் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கப்பட்டன. இப்போது நைரோபியின் பெரிய கடைகளிலேயே அவை விற்கின்றன. அங்கு விரும்பி உண்ணும் 'சாகா' என்பது நம் ஊர்த் தரிசில் முளைக்கும் நல்வேளைதான். 'மனாகு' நம் மணத்தக்காளிக்கு நெருங்கிய இனம். நாம் பயறுக்காக மட்டும் வளர்க்கும் தட்டைப்பயறின் இலையையும் அவர்கள் கீரையாகச் சமைக்கிறார்கள். வரைபடத்தில் கென்யாவைக் காட்டி, அதே செடியைக் கையில் கொடுத்தால் மாணவர்களின் வியப்பைப் பார்க்கலாம்.

செயல்பாடாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து கீரைகளின் பெயர், கிடைக்கும் காலம், சமைக்கும் முறை ஆகியவற்றை எழுதிவரச் செய்யலாம். பளியர் குடும்பத்து மாணவர் இருக்கும் வகுப்பில், பாதிப் பாடத்தை அவரே நடத்திவிடக்கூடும்; நடத்தட்டும். செடிகளைப் பெரியவர் ஒருவர் அடையாளம் சொன்ன பிறகே பறிக்க வேண்டும், பச்சையாகச் சுவைக்கக் கூடாது. ஊமத்தை போன்ற நச்சுச் செடிகளும் அதே வரப்பில்தான் நிற்கின்றன. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்தோ அதன் ஓரத்திலிருந்தோ ஓர் இலைகூட வேண்டாம். முள்ளங்கி, பீட்ரூட் இலைகளுக்கும் இதே விதி. பள்ளி வளாகத்தில் இரண்டு பாத்தி போட்டு, தண்டுக்கீரை விதை தூவினால் ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம்.