வாரா, இயரா, ஜாரா: பட்டுக்கடை சர்வருக்கு எது?

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வேலை கூடியது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம், இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிய வேண்டும். முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பத்தின் பில்லுக்கு இது கிடையாது. சென்னைக் கடைக்கு மொத்தமாகப் போகும் சரக்குக்கு உண்டு. இதற்கு ஒரு வெப் சர்வீஸ் எழுதினால், இருப்புக்கு ஒன்று, நெசவாளர் கூலிக் கணக்குக்கு ஒன்று என்று வரிசையாக வரும். ஜாவாவில் எழுதுகிறவர் முதலிலேயே முடிவு செய்ய வேண்டியது, இவற்றை எந்த வடிவில் கட்டி சர்வரில் ஏற்றுவது என்பதை.

ஒரு காலத்தில் இதில் ஆளுக்கொரு முறை இருந்தது. அபாச்சி ஆக்சிஸ் கேட்கும் அமைப்புக் கோப்பு வேறு, வெப்லாஜிக் கேட்பது வேறு. சர்வரை மாற்றினால் வேலையை மறுபடி செய்ய வேண்டும். 2002இல் வந்த ஜேஎஸ்ஆர் 109 என்ற ஜாவா விதிமுறை இதை ஒழுங்குபடுத்தியது. 2003இல் ஜே2ஈஈ 1.4 அதைச் சேர்த்துக்கொண்டது. சேவை சாதாரண வகுப்பாக இருந்தால் வார் கோப்பு, ஸ்டேட்லெஸ் செஷன் பீனாக இருந்தால் ஈஜேபி ஜார், பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் இயர். உள்ளே 'வெப்சர்வீசஸ் டாட் எக்ஸ்எம்எல்' என்ற கோப்பு இருக்கும். கோர்வை போடும்போது உடலையும் கரையையும் பிணைப்பதுபோல, டபிள்யூஎஸ்டிஎல் விவரத்தையும் ஜாவா வகுப்பையும் அது பிணைத்தது. 2006இல் ஜாவா ஈஈ 5 வந்ததும் வகுப்பின் தலையில் ஓர் அனோட்டேஷன் போட்டால் போதும் என்றானது. ஆனாலும் பாதுகாப்பு அமைப்பு போன்றவற்றுக்கு சர்வர் கம்பெனிகளின் தனிக் கோப்புகள் ஒழியவில்லை.

இந்த ஏற்பாடு சோப் சேவைகளுக்கானது. இ-இன்வாய்ஸ் தளமோ ஜேசானில் பேசுகிறது. புதிதாக எழுதுகிறவருக்கு அந்த எக்ஸ்எம்எல் கோப்பே தேவையில்லை. கூலிக் கணக்குப் பழைய ஈஜேபியில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இயரைத் தொடாமல் விடுங்கள். அதற்கு வைல்ட்ஃபிளை போன்ற முழு சர்வர் வேண்டும், டாம்கேட் போதாது.

வார் இன்றும் நல்ல தேர்வுதான், ஒரே டாம்கேட்டில் நாலைந்து சேவைகளை ஓட்டுவதென்றால். நினைவகம் மிச்சம். ஆனால் டாம்கேட்டை நிறுத்தினால் எல்லாமே நிற்கும். பழைய வாரை டாம்கேட் 10இல் அப்படியே போட்டால் ஓடாது. ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. சோப் நூலகமும் ஜாவா 11இலிருந்து நீக்கப்பட்டது. தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

2014இல் வந்த ஸ்பிரிங் பூட் பரப்பிய தனி ஜார், டாம்கேட்டைத் தனக்குள்ளேயே சுமந்து வரும். ஒரே கட்டளையில் ஓடும். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்குப் போனிலேயே சொல்லிப் புரிய வைத்துவிடலாம், இது சின்ன விஷயமில்லை. குறை: ஒவ்வொரு சேவையும் தனி நினைவகம் தின்னும், டாம்கேட்டில் ஓட்டை கண்டுபிடித்தால் எல்லா ஜார்களையும் மறுபடி கட்ட வேண்டும்.

டாக்கர் கண்டெய்னர் ஜாவாவையே உள்ளே கட்டித் தருகிறது. கிளைக்குக் கிளை சர்வர் வேறுபட்டால் அது உதவும். ஒரே கடை, ஒரே சர்வர் என்றால் கூடுதல் சுமை.

என் தீர்ப்பு: புதிய சேவைகளுக்குத் தனி ஜார். எதை எடுத்தாலும் எல்லாச் சேவைக்கும் அதே வடிவம், அதே கோப்புறை, அதே பதிப்பெண் முறை இருக்கட்டும். இ-இன்வாய்ஸ் கடவுச்சொல்லைத் தொகுப்புக்குள் வைக்காதீர்கள். கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடும் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தைத் தீர்க்காதீர்கள், மூல நிரலையும், கட்டும் முறையை எழுதிய தாளையும் கேட்டு வாங்குங்கள்.